பல் ஒன்று தள்ளி

மாயழகு,
நாற்பதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில்
யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கிறது என்று
சித்திரையில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய்.
டேங்கில் தண்ணி அலம்புது, வேறென்ன என்றேன்.
மூணாம் கியரைக் கெஞ்சிப் போடுகிறவனுக்கு
எந்த வண்டியும் ஆடத்தான் செய்யும் என்றேன்,
சிட்டம்பட்டி டோல்கேட்டில், நாலு பேர் முன்னால்.

ஆவணியில் கணக்கை முடித்தேன்.
கிளட்ச் பிளேட்டுக்கு என்று இரண்டாயிரத்து எண்ணூறு
பிடித்தது போக மீதி.
நீ எண்ணவில்லை.
சாவியைக் கைலியில் துடைத்துக் கொடுத்தாய்.

முந்தாநாள் ராத்திரி, திருமோகூர் விலக்கு.
ஆறாயிரம் லிட்டரோடு போய்க்கொண்டிருந்தபோது
இத்தனை நாள் தட்டியது
உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.
ஷாஃப்ட் தார்ச்சாலையில் இழுபட்டு
ஐம்பதடிக்கு நெருப்பு கொட்டியதாம்.
பின்முனை விழுந்ததால் பிழைத்தான் புதுப்பையன்,
முன்முனை விழுந்திருந்தால் ரோட்டில் ஊன்றி
வண்டியையே நட்டுவைத்திருக்கும்
என்றார் சிக்கந்தர், டீயை ஆற்றிக்கொண்டே.

ஒத்தக்கடையில், யானைமலை பார்த்த பட்டறை.
கிராஸைப் பிடுங்கிக் காட்டினார்.
ஊசி பேரிங் இருந்த கப்புக்குள் ஊசி இல்லை,
மிளகாய்த்தூள் மாதிரி துரு.
கிராஸின் கழுத்தில் ஊசிகள் படுத்த தடம்
கோடு கோடாக; நகம் வைத்தால் தடுக்கியது.
"நிப்பிள்ல கிரீஸே ஏறலையே."
எப்படி ஏறும்?
எஃப்.சி.க்கு அடியில் கறுப்பு அடித்த அன்று
நிப்பிள் வாயையும் சேர்த்துத்தானே அடித்தேன்.

பிறகு ஸ்லிப்பைத் துடைத்து, ஒரு கண்ணை மூடி,
ஷாஃப்டை நீளவாக்கில் பார்த்தார்.
"இது யாருக்கா கோர்த்தது? ஒரு பல்லு தள்ளி நிக்குது."

வளைந்து சுற்றும் ஜாயிண்ட்
ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும்,
இரண்டு தடவை பிந்தும்.
அந்தப் பக்கத்து ஜாயிண்ட் அதே அளவு பிந்தி, முந்தி
கணக்கை நேர்செய்யும்,
இரண்டு கவையும் ஒரே வாக்கில் இருந்தால்.
பல் தள்ளிவிட்டால்
ஒன்றின் தப்பை மற்றது வாங்காது.
தட்டும்.

பங்குனியில் நீ குலசாமி கும்பிடப் போன மூன்று நாளில்
சென்டர் பேரிங் மாற்றியது நான்.
பட்டறைக் கூலி எழுநூறு மிச்சம் என்று
ஜாக்கி வைத்து, தார்ப்பாய் விரித்து, நானே.
கழற்றும் முன் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று
உளியால் கோடு போட்டிருக்கலாம்.
என் பெண்ணின் நகப்பூச்சாவது ஒரு சொட்டு.
போடவில்லை.
சிக்கந்தரிடம்,
"தெரியலண்ணே, பழைய டிரைவரா இருக்கும்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
புதுக் கிராஸைக் கோர்க்கும்போது ஒரு பக்கம்
கிளிப் உட்கார மறுத்தது. சுத்தியலை ஓங்கினேன்.
மறித்து, கப்பைத் திரும்பப் பிடுங்கினார்.
உள்ளே ஒரே ஒரு ஊசி
சாய்ந்து அடியில் கிடந்தது.
"அடிச்சா உக்காந்த மாதிரிதான் தெரியும்" என்று
கிரீஸ் தொட்டு எடுத்து
மற்ற ஊசிகளோடு நிறுத்தினார்.
அப்போது சொன்னேன்:
"நான்தாண்ணே கோர்த்தது."
"அந்தப் பதினேழு ஸ்பானரை எடுங்கக்கா" என்றார்.

இன்று மேலூர் வரை நானே ஓட்டினேன்.
ஐம்பத்தைந்தில், டேங்கில் தண்ணி அலம்பும் சத்தம்.
அது வேறு சத்தம், மாயழகு.
எனக்கே தெரிகிறது.

நீ வாடிப்பட்டியில் பால் வண்டி ஓட்டுவதாகக் கேள்வி.
திரும்பி வா என்று எழுதவில்லை.
இரண்டாயிரத்து எண்ணூறு இதற்குள் இருக்கிறது,
இந்தத் தடவை எண்ணிக்கொள்.
கவரில் இருக்கும் கறை கிரீஸ், கை கழுவியும் போகவில்லை.
டோல்கேட்டில் நின்ற நாலு பேரில்
இரண்டு பேரைப் பிடித்துச் சொல்லிவிட்டேன்.
மற்ற இருவர் யாரென்று எனக்கு நினைவில்லை.
உனக்கு இருக்கும்.